அறிவுத்திறனும் வாழ்க்கை வெற்றியும்: பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி மாணவர்களுக்கான ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வருகிறேன். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் என்னைத் தேடி வரும் பெற்றோர் எத்தனையோ விதமாகப் பேச்சைத் தொடங்கினாலும், முடிவில் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "என் பிள்ளைக்கு அறிவு போதுமா? அது அவனைக் கரைசேர்க்குமா?" அந்தக் கேள்வியும் அதிலிருந்து கிளைக்கும் பிற கேள்விகளும், ஆய்வுகள் காட்டும் விடைகளுடன் கீழே தரப்பட்டுள்ளன.

நுண்ணறிவு என்று உளவியல் எதைக் குறிப்பிடுகிறது?

புதிய ஒன்றைக் கற்றுக்கொள்வது, காரண காரியம் பார்ப்பது, முன்பின் சந்தித்திராத சிக்கலுக்கு வழி காண்பது ஆகியவற்றில் ஒருவருக்குள்ள பொதுவான திறனையே உளவியல் நுண்ணறிவு என்கிறது. மனப்பாடம் செய்யும் ஆற்றலோ பொது அறிவோ மட்டும் நுண்ணறிவு ஆகிவிடாது. சொல்வளத்தில் சிறந்த மாணவர் கணக்கிலும், கணக்கில் சிறந்தவர் வடிவங்களைப் புரிந்துகொள்வதிலும் சராசரியை விட முன்னே இருப்பதை 1904இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மன் கணித முறையில் எடுத்துக்காட்டினார். இத்திறன்கள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்ற அவருடைய கண்டுபிடிப்பு, அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக நடந்த சோதனைகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டுள்ளது. அதற்கு என்ன காரணம் என்பதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

சோதனையை நேரில் பார்த்திராதவர்களுக்காக ஒரு காட்சியைச் சொல்கிறேன். மேசையின் ஒரு பக்கம் ஒன்பது வயதுச் சிறுமி அமர்ந்திருக்கிறாள். எதிரே இருக்கும் உளவியலாளர் "ஏழு, இரண்டு, ஒன்பது" என்று நொடிக்கு ஒன்றாகச் சொல்லி நிறுத்துகிறார். அவள் அதைத் தலைகீழாக "ஒன்பது, இரண்டு, ஏழு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு எண்கள் வரை தடையின்றி வருகிறது. ஐந்தாவது எண் சேர்ந்ததும் அவளுடைய விரல்கள் மேசைக்கு அடியில் ஒவ்வொன்றாக மடங்கத் தொடங்குகின்றன. அடுத்து, சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அட்டையில் உள்ள படத்தைப் போல அடுக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு சொற்பொருள் கேட்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படி நடப்பதன் முடிவில்தான் ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணைப் பற்றிக் கேட்கும் பெற்றோரில் பெரும்பாலோர், மேசைக்கு அடியில் மடங்கிய விரல்களைப் பற்றிக் கேட்பதில்லை. பிள்ளை எப்படி முயல்கிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது எனக்கு அந்த எண்ணை விடப் பயனுள்ள செய்தியாக இருந்திருக்கிறது.

ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) என்ற எண் எவ்வாறு தோன்றியது?

பிரான்ஸ் நாட்டில் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்த பிறகு, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று கண்டறிய ஒரு கருவி தேவைப்பட்டது. ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் 1905இல் அதை உருவாக்கினார்கள். உதவி யாருக்குத் தேவை என்று அறிவதே அதன் நோக்கமாக இருந்தது. யார் மேதை என்று தரம் பிரிப்பதற்காக அது படைக்கப்படவில்லை. அறிவு மாறாத ஓர் அளவு என்ற எண்ணத்தை பினே வெளிப்படையாகவே எதிர்த்தார்.

ஒரு பிள்ளை எந்த வயதினருக்கு இணையாக விடையளிக்கிறது என்பதைக் குறிக்கும் மன வயதை உண்மையான வயதால் வகுத்துப் பெறும் ஈவு 1912இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் சொன்ன வழி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் 1916இல் வெளியிட்ட திருத்திய சோதனைதான் இந்த எண்ணை உலகம் முழுவதும் பரப்பியது. இப்போது ஈவு கணக்கிடுவதில்லை. ஒரே வயதினரின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று பார்க்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் அமைவார்கள். ஆகவே 98 பெற்ற பிள்ளைக்கும் 103 பெற்ற பிள்ளைக்கும் இடையே எதையும் தீர்மானிக்கக்கூடிய வேறுபாடு இல்லை. அதே பிள்ளை வேறொரு நாளில் எழுதினாலே அந்த அளவு கூடவோ குறையவோ செய்யும்.

ஐ.க்யூ. அதிகமாக இருந்தால் வாழ்க்கையில் வெற்றி உறுதியா?

உறுதி இல்லை. ஆனால் தொடர்பே இல்லை என்பதும் தவறு. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த விடையும் பெற்றோரை ஏமாற்றும் விடையாகும்.

வெற்றி என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் இது தெளிவாகும். இங்கிலாந்தில் 70,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், 11 வயதில் அளந்த நுண்ணறிவுக்கும் 16 வயதில் எழுதிய பொதுத்தேர்வின் முடிவுக்கும் இடையே 0.8 அளவுக்குத் தொடர்பு காணப்பட்டது. முழுமையான தொடர்பு இருந்தால் அது 1 ஆக இருக்கும். தொடர்பே இல்லையென்றால் சுழியம். ஆகவே படிப்பைப் பொறுத்தவரை இது மிக வலுவான தொடர்பு. அதே ஆண்டில் எஸ்தோனிய ஆய்வாளர் டார்மோ ஸ்ட்ரென்ஸ், பல நாடுகளில் நீண்ட காலம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இளமையில் அளந்த நுண்ணறிவுக்கும் பிற்காலத்தில் எட்டிய கல்வி நிலைக்கும் இடையே ஏறக்குறைய 0.56, பணி நிலைக்கு 0.45, வருமானத்துக்கு 0.23 என்று கிடைத்தது. பள்ளியை விட்டு விலகிச் செல்லச் செல்லத் தொடர்பு தளர்ந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். 0.23 என்பதை அதே எண்ணால் பெருக்கிப் பார்த்தால் கிடைக்கும் பொருள், மனிதர்களுக்கிடையே காணப்படும் வருமான ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ 5 சதவீதத்தை மட்டுமே நுண்ணறிவைக் கொண்டு விளக்க முடியும் என்பதாகும். மீதமுள்ளதைக் குடும்பப் பின்னணி, ஊர், துறை, உழைப்பு, உடல்நலம், பழக்கவழக்கம், காலம், நல்வாய்ப்பு ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன.

சேமிப்பில் இந்தத் தொடர்பு இன்னும் மங்கலாகிறது. 7,400 அமெரிக்கர்களின் விவரங்களை ஆராய்ந்து ஜே ஸகோர்ஸ்கி 2007இல் வெளியிட்ட கட்டுரை, ஐ.க்யூ. கூடினால் ஆண்டு வருமானம் ஓரளவு கூடுவதையும், ஆனால் பிற காரணிகளைக் கழித்துப் பார்த்தால் சேர்த்து வைத்திருக்கும் சொத்துக்கும் ஐ.க்யூ.வுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லாமற்போவதையும் காட்டியது. ஈட்டத் தெரிவது வேறு, காக்கத் தெரிவது வேறு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இந்த எண்கள் மறுக்கவில்லை.

மேதைகள் என்று கண்டறியப்பட்ட குழந்தைகள் வளர்ந்த பின் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகவே டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாவில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினார். பெரும்பாலும் 135க்கு மேல் ஐ.க்யூ. பெற்ற 1,528 சிறுவர் சிறுமியர் தேர்ந்தெடுக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இருவர் பட்டம் பெற்றார்கள். அக்கால அமெரிக்காவில் மிகச் சிலருக்கே கிட்டிய பேறு அது. வழக்கறிஞர்களாகவும் பேராசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பலர் உயர்ந்தார்கள். ஆனால் அவர்களில் எவரும் நோபல் பரிசு பெறவில்லை. அதே சோதனையில் தேர்ச்சி பெறாமல் விலக்கப்பட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரஸும் இருந்தார்கள். ஷாக்லிக்கு 1956இலும் ஆல்வரஸுக்கு 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் செய்தியைச் சொல்லி ஐ.க்யூ. வெறும் ஏமாற்று என்று முடிப்பவர்கள் பலர். அது சரியான வாதம் ஆகாது, ஏனெனில் நோபல் பரிசு கோடியில் ஒருவருக்குக் கிடைப்பது. அந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுபவை வேறு இரண்டு செய்திகள். வாழ்க்கையில் மிகவும் முன்னேறிய 150 ஆண்களையும் மிகவும் பின்தங்கிய 150 ஆண்களையும் டெர்மன் குழுவினர் ஒப்பிட்டபோது, இரு பிரிவினரின் ஐ.க்யூ.வில் சிறிதளவே வேறுபாடு இருந்தது. எடுத்த காரியத்தை முடிக்கும் விடாப்பிடி, குறிக்கோள், தன்னம்பிக்கை ஆகியவற்றிலும், பெற்றோரின் கல்வியிலும்தான் பெரிய இடைவெளி காணப்பட்டது. அடுத்த செய்தி அந்த ஆய்வில் இருந்த பெண்களைப் பற்றியது. ஆண்களுக்கு நிகரான மதிப்பெண் பெற்றிருந்த அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், நடுவயதில் வீட்டு வேலைகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அறிவு இருந்தும் அதற்குரிய கதவு திறக்கவில்லை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவிகளில் சிலர் இருபது வயதுக்குள் என்ன ஆனார்கள் என்பதை நான் அறிவேன் என்பதால், இந்தப் பகுதியை எளிதில் கடந்து செல்ல என்னால் முடியவில்லை.

ஐ.க்யூ. 120க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை என்கிறார்களே?

அறிவியல் ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அது உண்மையன்று. ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ 13 வயதிலேயே கணிதத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்த அமெரிக்க மாணவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். அந்த ஒரு சதவீதத்துக்குள்ளேயே மேல்நிலையில் இருந்தவர்கள், கீழ்நிலையில் இருந்தவர்களை விட அதிகமான காப்புரிமைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் பின்னாளில் படைத்தார்கள்.

பண விஷயத்தில் நிலைமை வேறாக இருக்கிறது. ராணுவச் சேர்க்கைக்காகச் சோதிக்கப்பட்ட 59,000 சுவீடன் ஆண்களின் விவரங்களைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வில், சம்பளம் உயர உயர அறிவுத்திறனின் சராசரியும் உயர்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 யூரோ என்ற அளவை எட்டியதும் அப்படியே நின்றுவிட்டது. மிக உயர்ந்த சம்பளம் பெறும் ஒரு சதவீதத்தினர், அவர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்களை விடச் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் பெற்றிருந்தார்கள். ஆகவே கோடிகளில் சம்பளம் வாங்குபவர் லட்சங்களில் வாங்குபவரை விடக் கூர்மையானவராகத்தான் இருப்பார் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை.

உடல்நலத்துக்கும் ஆயுளுக்கும் நுண்ணறிவோடு தொடர்பு உண்டா?

உண்டு. 1921இல் பிறந்த ஸ்காட்லாந்துக் குழந்தைகளில் அநேகமாக அனைவரும், மொத்தம் 87,498 பேர், 1932ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று ஒரே சோதனையை எழுதினார்கள். பல பத்தாண்டுகளாக யாரும் தொடாமல் கிடந்த அந்த விடைப் பதிவுகளை இயன் டியரி, லாரன்ஸ் வாலி ஆகியோர் மீண்டும் கையில் எடுத்து, அபர்டீன் நகரக் குழந்தைகள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். 11 வயதில் 15 புள்ளிகள் குறைவாகப் பெற்றவர்கள், கூடுதலாகப் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, 76 வயது வரை உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2001இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பான வேலை, நல்ல குடியிருப்பு, மருத்துவர் சொல்வதைப் புரிந்து நடத்தல் என்று பல வழிகளில் இது நேரலாம்.

நுண்ணறிவு பிறக்கும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறதா?

மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை இரட்டையர் ஆய்வுகள் ஐயமின்றிக் காட்டுகின்றன. ஆனால் மரபு வழி வருவது மாறவே மாறாது என்று எண்ணுவதுதான் பிழை. உயரம் நுண்ணறிவை விடவும் மரபைச் சார்ந்தது. அப்படியிருந்தும் தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியது. மரபணு அதுவேதான்; உணவும் நோய்த்தடுப்பும்தான் மாறின.

நுண்ணறிவிலும் இதே போன்ற உயர்வு நிகழ்ந்திருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் பல நாட்டுப் பதிவுகளை ஒப்பிட்டு, இருபதாம் நூற்றாண்டில் சோதனை மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளிகள் உயர்ந்து வந்ததைக் காட்டினார். இரண்டு தலைமுறைக்குள் மரபணுக்கள் அப்படி மாறிவிட முடியாது. பள்ளிப் படிப்பே இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஸ்டூவர்ட் ரிச்சியும் எலியட் டக்கர்-டிராபும் 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐ.க்யூ.வை 1 முதல் 5 புள்ளிகள் வரை உயர்த்துவது தெரியவந்தது. அறிவுள்ள பிள்ளை பள்ளியில் நீடிக்கிறது என்பது பாதி உண்மை. பள்ளியில் நீடிக்கும் பிள்ளையின் அறிவு வளர்கிறது என்பது மறுபாதி.

கருவுற்ற தாயின் உணவில் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். உப்பில் அயோடின் சேர்ப்பது அதற்காகவே. காற்றில் கலக்கும் ஈயமும் குழந்தைகளின் நுண்ணறிவைக் குறைக்கும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. தமிழ்நாட்டில் 1956இல் காமராஜர் விரிவுபடுத்திய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் பிள்ளைகளைப் பசியாற்றிப் பள்ளியில் நீடிக்க வைத்தன என்ற அளவில், அவை அறிவு வளர்வதற்கான முதலீடுகளே என்பது என் உறுதியான கருத்து.

பணக்கவலை அறிவைக் குறைக்குமா?

இதற்கான மிகச் சிறந்த சான்றுகளில் ஒன்று நம் ஊரிலிருந்தே கிடைத்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள்.

கரும்புக்காரரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, அவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உடனே புரியும். நடவு முதல் வெட்டு வரை ஏறக்குறைய ஓர் ஆண்டு செலவு மட்டுமே இருக்கும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, கரும்பு ஏற்றிப் போய், பணம் கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் மூச்சு விட முடியும். அதற்கு முந்தைய வாரங்களில் மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கும். மளிகைக் கடைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்க வேண்டியிருக்கும். ஆய்வாளர்கள் கேட்டபோது, அறுவடைக்கு முன் 78 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் அது 4 சதவீதமாகக் குறைந்திருந்தது.

அதே விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் வடிவங்களைக் கொண்ட நுண்ணறிவுச் சோதனை கொடுக்கப்பட்டது. பத்துக்கு 4.35 ஆக இருந்த சராசரி 5.45 ஆக உயர்ந்தது. ஆலைகள் வெவ்வேறு வயல்களுக்கு வெவ்வேறு மாதங்களில் வெட்டு உத்தரவு தருவதால், பருவநிலையே காரணம் என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. மனிதர் அதே மனிதர். கவலையின் பாரம் மட்டுமே இறங்கியிருந்தது. ஏழைகள் யோசிக்காமல் முடிவெடுப்பதால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று எளிதாகப் பேசுபவர்கள், இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் கட்டாததற்காக வகுப்பில் எழுப்பி நிறுத்தப்படும் பிள்ளையின் தேர்வுத்தாளையும் இதே கண்ணோட்டத்தில்தான் திருத்த வேண்டும்.

கணித மேதை ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றாரே. தேர்வுகளுக்கு மதிப்பே இல்லையா?

ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இதை வைத்து "மதிப்பெண் எதற்கு?" என்று கேட்பவர்கள், அதற்குப் பிறகு நடந்ததைப் பெரும்பாலும் சொல்வதில்லை. வேலை தேடி அலைந்த அவருக்கு நெல்லூர் ஆட்சியராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்து உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தபோது, அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரே கணிதம் அறிந்தவராக அமைந்தார். கேம்பிரிட்ஜுக்கு முதலில் எழுதிய கடிதங்கள் பயன் தரவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் அங்கிருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டியின் கையில் சேர்ந்தது. அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். 1918இல் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரான ராமானுஜன், 1920இல் 32 வயதில் நோயால் மறைந்தார்.

அந்த அளவு அறிவு படைத்தவருக்கே இத்தனை கைகள் தேவைப்பட்டன என்பதுதான் இவ்வரலாற்றில் நான் காண்பது. ஒரு கை தவறியிருந்தாலும் நாம் அவர் பெயரையே அறிந்திருக்க மாட்டோம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வும் இதையே பேசுகிறது. மிகச் செல்வமான ஒரு சதவீதக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, சராசரிக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பக் குழந்தைகளை விடப் பத்து மடங்கு. மூன்றாம் வகுப்புக் கணிதத்தில் சமமான மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் இடைவெளி மறையவில்லை.

காமராஜர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்தானே?

ஆம், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். படிப்பும் நுண்ணறிவும் ஒன்றல்ல என்பதற்கு அவர் சான்று. படிப்பு வேண்டாம் என்பதற்குச் சான்று அல்லர். படிக்க முடியாமற்போனதன் இழப்பை அறிந்திருந்த அவர்தான் ஊர்தோறும் பள்ளி திறந்தார்.

சுயக்கட்டுப்பாடும் உணர்வுசார் நுண்ணறிவும் ஐ.க்யூ.வை விட முக்கியமானவையா?

சுயக்கட்டுப்பாட்டுக்கு நல்ல சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறுவயதில் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பண நிலைமையிலும் மேம்பட்டிருந்தார்கள். ஐ.க்யூ.வையும் குடும்ப நிலையையும் கழித்துப் பார்த்த பின்பும் இது உண்மையாகவே இருந்தது.

ஆனால் இனிப்பைக் குழந்தையின் முன்னால் வைத்து, சிறிது நேரம் பொறுத்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லும் புகழ்பெற்ற சோதனையின் மீது அத்தனை பாரம் ஏற்ற முடியாது. அதை 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு மறுபடி பார்த்தபோது, முதலில் சொல்லப்பட்டதில் பாதியளவு தொடர்பே கிடைத்தது. குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. சொன்ன வாக்கைப் பெரியவர்கள் காப்பாற்றாத வீட்டில் வளரும் பிள்ளை, கையில் இருப்பதை உடனே வாயில் போட்டுக்கொள்வது அறிவான செயல்தான்.

உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை 1990இல் பீட்டர் சாலோவேயும் ஜான் மேயரும் முன்வைத்தார்கள். பிறர் மனத்தைப் புரிந்து நடத்தல் எந்த வேலைக்கும் உதவும் என்பதில் ஐயம் இல்லை. எனினும் "வெற்றியில் 20 சதவீதம் ஐ.க்யூ., 80 சதவீதம் உணர்வு" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் கணக்குக்கு அடிப்படை கிடையாது. ஐ.க்யூ. விளக்காத எஞ்சிய பகுதி முழுவதையும் ஒரே காரணத்தின் தலையில் சுமத்துவதால் பிறந்த கணக்கு அது.

விரல்ரேகையை வைத்துப் பிள்ளையின் அறிவைக் கணிக்கலாம் என்கிறார்களே?

கணிக்க முடியாது. விரல்ரேகைக்கும் கற்கும் திறனுக்கும் இடையே அப்படி ஒரு தொடர்பை எந்த நம்பத்தகுந்த ஆய்வும் நிறுவவில்லை. ஒரு தாய், பல ஆயிரம் ரூபாய் செலவழித்து வாங்கிய வண்ணப் புத்தகம் போன்ற அறிக்கையை என் மேசையில் விரித்து வைத்தார். ஏழு வயது மகனுக்குக் "கணித அறிவு 9 சதவீதம்" என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பையன் அன்றைக்கே என் அறையில் கிடந்த கேரம் காய்களைக் குழு குழுவாகப் பிரித்து, மொத்தம் எத்தனை என்று பெருக்கிச் சொன்னான். ஆனால் வீட்டில் கணக்குப் புத்தகத்தைத் திறக்க மறுக்கிறான் என்றும், "எனக்குத்தான் கணக்கு வராதே" என்கிறான் என்றும் தாய் கண் கலங்கினார். பணம் போனதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் மனத்தில் அந்த எண் பதிந்துவிட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்படியானால் முறையான நுண்ணறிவுச் சோதனை எப்போது தேவை?

பினே எந்த நோக்கத்துக்காக உருவாக்கினாரோ, அந்த நோக்கத்துக்குத் தேவை. பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடோ குறிப்பிட்ட கற்றல் குறைபாடோ இருக்கலாம் என்ற ஐயம் எழும்போது, தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் சோதித்துச் சான்றிதழ் பெற்றால், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பினேயின் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்த பினே–காமத் சோதனை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று முடிவெடுப்பதற்காக எண் தேட வேண்டியதில்லை.

பள்ளியில் என் பிள்ளையை "மந்தம்" என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஒரே வகுப்பில் மிக மூத்த பிள்ளைக்கும் மிக இளைய பிள்ளைக்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு வேறுபாடு இருக்கும். பல நாடுகளின் தரவுகளை கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி ஆகியோர் 2006இல் ஆராய்ந்தபோது, வகுப்பில் வயது குறைந்தவர்கள் நான்காம் வகுப்பில் தெளிவாகப் பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பிலும் அந்த வேறுபாடு முழுவதும் மறையவில்லை. ஆறு வயதில் பதினோரு மாதம் என்பது சிறிய இடைவெளி அன்று.

அடுத்து, கண்ணையும் காதையும் சோதியுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாருங்கள். வீட்டில் தமிழில் பேசி வளர்ந்த பிள்ளை திடீரென ஆங்கில வழியில் சேர்க்கப்பட்டிருந்தால், கேள்வி புரியாமல் இருப்பதையும் விடை தெரியாமல் இருப்பதையும் ஆசிரியர் பிரித்தறிந்தாரா என்று கேளுங்கள். அதே கேள்வியை நீங்களே தமிழில் கேட்டுப் பாருங்கள். எழுத்துகளை மாற்றி எழுதுவது, வாசிக்கும்போது மட்டும் திணறுவது போன்றவை எட்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால், கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இவற்றின் முடிவுகளை எழுதி எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அந்தச் சந்திப்பின்போது பிள்ளையை அறைக்கு வெளியே, பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்கார வையுங்கள்.